மூன்று சாண் தண்ணீர்

ஜூன் 3, திங்கள்

கடல் குதிரை ஜோடி இன்று மதியம் வந்து சேர்ந்தது. வனத்துறை அனுமதிக்காக நாயாய் அலைந்த ஹென்சன் சார், பிளாஸ்டிக் வாளியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு ஜீப்பிலிருந்து இறங்கினார். ஸ்டாலில் வாங்கிய டீயைக்கூட யாரும் அவர் பக்கத்தில் கொண்டுபோகவில்லை.

இரண்டும் மஞ்சள். ஆண் ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவு, பெண் அதைவிட ஒல்லி. இறால் வலையில் தப்பாகச் சிக்கி, மீனவர்கள் ஒப்படைத்தவை. இவற்றை இங்கே குட்டி போட வைத்து, குட்டிகளை வளர்த்துத் திரும்பக் கடலில் விடுவதுதான் எங்கள் ஆய்வு நிலையத்தின் புதிய திட்டம். எந்தத் தொட்டி என்று முடிவு செய்வது டெக்னிக்கல் அசிஸ்டெண்ட் சுயம்புலிங்கத்தின், அதாவது என்னுடைய, பொறுப்பு.

"தொட்டி தப்பாப் போச்சுன்னா எல்லாம் போச்சு சுயம்பு. நிதானமா யோசிச்சுச் சொல்லுங்க" என்றார் சார். தூத்துக்குடியில் பாதி மீன் தொட்டிகளைக் கட்டியவனிடம் இதைச் சொல்ல வேண்டியதில்லை.

வீட்டில் சண்பகத்துக்கு நான்காம் மாதம். கருப்பை வாய் பலவீனமாக இருப்பதாகச் சொல்லி டாக்டரம்மா தையல் போட்டு அனுப்பியிருக்கிறார். பாத்ரூமுக்குத் தவிர கட்டிலை விட்டு இறங்கக் கூடாது. அடிவயிறு இறுகினாலோ லேசாக நனைந்தாலோ உடனே ஓடி வர வேண்டும். கோவில்பட்டியிலிருந்து சண்பகத்தின் அம்மா, ராஜகனி அத்தை, துணைக்கு வந்துவிட்டார். மற்றபடி நலம்.

ஜூன் 5, புதன்

மீன் தொட்டி என்றால் எல்லோருக்கும் நீளம்தான் ஞாபகம் வரும். ஓடி ஓடி நீந்துகிற மீனுக்கு அது சரி. கடல் குதிரை சோம்பேறி. எதையாவது வாலால் பற்றிக்கொண்டு நின்ற இடத்திலேயே நிற்கும். அதற்கு வேண்டியது உயரம். காலையில் ஆணும் பெண்ணும் வாலைப் பின்னிக்கொண்டு தரையிலிருந்து மேலே மேலே எழும்பும். அப்படி எழும்பும்போதுதான் பெண் தன் முட்டைகளை ஆணின் வயிற்றுப் பைக்குள் போடும். அதற்குப் பிறகு சுமப்பது, பெறுவது எல்லாம் ஆண். அதன் உடம்பைப் போல மூன்று மடங்கு ஆழம் வேண்டும். ஒரு சாண் குதிரைக்கு மூன்று சாண் தண்ணீர். குறைந்தால் தலை மேல்மட்டத்தில் முட்டி, முட்டைகள் தரையில் சிந்திப் போகும்.

கோமாளி மீன்கள் இருந்த பழைய தொட்டி காலியாகக் கிடக்கிறது. ஆள் படுக்கிற நீளம், ஆனால் ஒன்றரைச் சாண் தண்ணீர்தான் நிற்கும். வெளியே ஷெட்டில் ஒரு ஃபைபர் உருளை இருக்கிறது. உயரம் போதும், தலைக்கு மேலே தகரம். மதியத்தில் அந்தத் தண்ணீரில் கை வைக்க முடியாது. ஆகவே புதிதாக ஓர் உயரக் கண்ணாடித் தொட்டி என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். உறிஞ்சு குழாயின் வாயில் வலை கட்ட வேண்டும், இல்லாவிட்டால் வாலை இழுத்துவிடும். பற்றிக்கொள்ள நைலான் கயிறு, மெல்லிய நீரோட்டம், வேறு மீன் எதுவும் கூடாது. கடல் குதிரை சாப்பிடுவதற்குள் மற்ற மீன்கள் தட்டையே காலி செய்துவிடும்.

சிக்கல் தரையில்தான். எங்கள் தொட்டிக் கூடம் மணல் நிரப்பி எழுப்பியது. டைல்ஸ் இப்போதே உள்வாங்குகிறது. அவ்வளவு பாரம் தாங்க வேண்டுமென்றால் தரையை உடைத்து இடுப்பளவு தோண்டி கான்கிரீட் போட வேண்டும். மேஸ்திரி பிச்சைக்கனி வெள்ளிக்கிழமை கடப்பாரையோடு வருகிறார்.

ஜூன் 6, வியாழன்

சாப்பிடும்போது தரை தோண்டுகிற விஷயத்தைச் சொன்னேன். அத்தை ரசக் கரண்டியைப் பாத்திரத்திலேயே வைத்துவிட்டார்.

"மாப்ள, புள்ளத்தாச்சியோட புருசன் மண்ணத் தோண்டக் கூடாது. நீங்க கடப்பாரையத் தொட்டாலும் ஒண்ணுதான், ஆள விட்டுத் தோண்டச் சொன்னாலும் ஒண்ணுதான்" என்றார். பிறகு வரிசையாக வந்தது. கிணறு வெட்டக் கூடாது, கடலில் இறங்கக் கூடாது, பிணத்துக்குத் தோள் கொடுக்கக் கூடாது, முடி வெட்டக் கூடாது, சவரம் செய்யக் கூடாது. பூமியைத் திறந்தால் வயிறும் திறந்துகொள்ளுமாம்.

நான் சிரித்தேன். அறிவியல் படித்தவன் வீட்டில் பேசுகிற பேச்சா இது என்று கேட்டேன். சண்பகம் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இது மூன்றாவது. முதல் இரண்டும் ஐந்து மாதத்தைத் தாண்டவில்லை. அதற்கும் மண்ணுக்கும் என்ன சம்பந்தம்? முதல் தடவை நான் எதையும் தோண்டவில்லை. இரண்டாவது தடவை பின்வாசலில் போர்வெல் போட்டோம். அது வேறு.

ஜூன் 7, வெள்ளி

கடப்பாரை போடவில்லை. கண்ணாடி வராமல் தரையை மட்டும் உடைத்துப் போட்டு என்ன பயன்? பிச்சைக்கனியிடம் அடுத்த வாரம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டேன். ஜோடி தற்காலிகமாகக் கோமாளி மீன் தொட்டியில் இருக்கிறது.

ஜூன் 15, சனி

கண்ணாடி வந்துவிட்டது. சுவரில் சாய்த்துச் சாக்கைப் போர்த்தி வைத்திருக்கிறேன். மேஸ்திரிக்கு ஆள் கிடைக்கவில்லை என்று சாரிடம் சொன்னேன். பிச்சைக்கனி தினமும் போன் செய்கிறார். எடுப்பதில்லை.

"தாடி என்ன சுயம்பு, சீசன் இல்லாத நேரத்துல சபரிமலையா?" என்று சார் கேட்டார். பிளேடு தீர்ந்துவிட்டது என்றேன்.

ஜூன் 20, வியாழன்

காலையில் கூடத்துக்குள் நுழையும்போதே இரண்டும் நிறம் மாறி வெளுத்து நின்றன. பெண் தலையைக் குனிந்தது, ஆண் வாலைப் பின்னியது. எழும்பின. எழும்பிய மாத்திரத்தில் தலை மேலே முட்டிக்கொண்டது. மறுபடி கீழே வந்து மறுபடி எழும்பின. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். நான்காவது தடவை முட்டைகள் வெளியே வந்து, ஆரஞ்சு நிறத்தில் மணி மணியாகத் தரையில் கொட்டின. இரண்டும் அதற்கு மேல் சிறிது நேரம் நின்றன. பிறகு ஆளுக்கொரு கயிற்றைப் பிடித்துக்கொண்டன.

முட்டைகளைக் குழாய் வைத்து உறிஞ்சி எடுத்துவிட்டேன். புது இடம், முதல் முயற்சி, இப்படி ஆவது சகஜம் என்று பதிவேட்டில் எழுதினேன்.

சண்பகத்துக்குப் படுத்துப் படுத்து முதுகெல்லாம் வலி. தினமும் குதிரைக் கதை கேட்கிறாள். பள்ளிக்கூடத்தில் நாள் முழுக்க நாலாம் வகுப்பை மேய்த்தவளுக்கு இப்போது நான் கொண்டுபோகிற கதைதான் பொழுதுபோக்கு. முட்டை விஷயத்தைச் சொல்லவில்லை. நன்றாக ஆடுகின்றன என்றேன்.

ஜூன் 22, சனி

பழைய தொட்டியின் விளிம்பில் கண்ணாடிப் பட்டை ஒட்டி உயர்த்தினேன். நாலு விரல் தண்ணீர் கூடக் கிடைத்தது. இது போதும். புத்தகத்தில் இருக்கிறபடியேதான் எல்லாம் நடக்க வேண்டுமா என்ன?

ஜூன் 27, வியாழன்

நாலு விரல் போதுமாக இருந்தது. இன்று காலை ஆணின் பைக்குள் முட்டைகள் போய்விட்டன. சில சிந்தின, பெரும்பாலானவை உள்ளே. சார் என் முதுகில் தட்டிவிட்டு, சந்தோஷம்தான், ஆனால் புதுத் தொட்டி எப்போது என்று கேட்டார். சுமக்கிற ஆணை இடம் மாற்றினால் அதிர்ச்சியாகிவிடும், குட்டி போடட்டும் என்றேன். அது பொய் இல்லை. முழுக்க உண்மையும் இல்லை.

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் சண்பகம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அவருக்கு யாரு வளைகாப்பு போடுதது? கை கூடக் கெடையாதே" என்றாள். பிறகு, "உசரமான தொட்டில விட்டுட்டியள்லா?" என்று கேட்டாள்.

ஆமாம் என்றேன்.

"அப்ப நல்லா இருப்பான். எங்க ரெண்டு பேர்ல யாரு மொதல்லன்னு பாப்போம்" என்றாள். இப்படி அவள் விளையாட்டாகப் பேசி எவ்வளவோ நாளாயிற்று.

ஜூலை 4, வியாழன்

பை நன்றாக உருண்டிருக்கிறது. உப்பு, வெப்பம் எல்லாம் சரி. குட்டிகளுக்கான வட்டத் தொட்டியைக் கழுவி வைத்தேன். மூலை இல்லாத தொட்டியாக இருந்தால்தான் குட்டிகள் ஒதுங்கிச் சாகாது.

தாடியில் நரை அதிகம் என்று இப்போதுதான் தெரிகிறது.

ஜூலை 9, செவ்வாய்

ஆண் மிதக்கிறது. பைக்குள் காற்று சேர்ந்துவிட்டது. கீழே போக முயன்று முயன்று வாலை அடித்துக்கொள்கிறது, பந்து மாதிரி திரும்ப மேலே வந்துவிடுகிறது. ஆழமில்லாத தண்ணீரில் இந்த வியாதி வரும் என்பது எனக்குத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று யாரிடமும் சொல்ல முடியாது.

மெல்லிய குழாயைப் பையின் வாயில் செலுத்திக் காற்றை அமுக்கி எடுத்தேன். இறங்கியது. மதியம் மறுபடி மிதந்தது. படகு ஜெட்டிப் பக்கம் கடலில் இறங்கி, கூடையில் வைத்து ஆழத்தில் கட்டித் தொங்கவிட்டால் காற்று அடங்கும், நீங்கள்தான் நன்றாக முக்குளிப்பீர்களே என்றார் சார். ஜலதோஷம் என்று சொல்லிவிட்டேன். சார் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்தால் சண்பகம், "ஏங்க, வயிறு அப்பப்ப கல்லு மாதிரி ஆவுது. தொட்டுப் பாருங்களேன்" என்றாள். தொட்டுப் பார்த்தேன். பயத்தைக் காட்டிக்கொள்ளவில்லை. நாமும் பயந்தால் அவள் என்ன ஆவாள்? "போன ஸ்கேன்ல எல்லாம் சரியா இருக்கு. சும்மா சும்மா பயந்து சாகாத. நான் எதுக்காவது பயந்து நீ பாத்திருக்கியா?" என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள். என் தைரியம்தான் அவளுக்கு மருந்து.

ஜூலை 11, வியாழன்

காற்றை எடுத்தேன். மிதக்கிறது. எடுத்தேன். மிதக்கிறது.

கண்ணாடி சாக்குக்குள் இருக்கிறது. பிச்சைக்கனியைக் கூப்பிட்டால் நாளைக் காலையில் தோண்டிவிடுவார். மத்தியானம் கூடத்தை விட்டு வெளியே வந்து போனில் அவர் நம்பரை எடுத்துப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஒரு குதிரை. இங்கே வீட்டில் ஒரு உயிர். எந்தத் தட்டில் எதை வைப்பது என்று எனக்குக் குழப்பமே இல்லை. போனைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

ஜூலை 13, சனி

ஆண் செத்துவிட்டது.

சார் பையைக் கீறித் திறந்தார். உள்ளே குட்டிகள், முழுதாக வளர்ந்தவை. கண், மூக்கு, சுருண்ட வால், எல்லாம் இருந்தது. நகக்கண் அளவுதான் ஒவ்வொன்றும். தட்டு நிறையக் கிடந்தன. சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "ஏன் சுயம்பு? தொட்டி எதுக்குக் கட்டல?" என்று கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. ஆள் கிடைக்கவில்லை என்றேன். பிச்சைக்கனி நேற்று நேராக அவரிடமே வந்து கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

சண்பகத்திடம் சொல்லவில்லை. இன்னும் சுமந்துகொண்டிருக்கிறான் என்றேன்.

ஜூலை 16, செவ்வாய்

நாளை ஆடி பிறக்கிறது. ஐந்தாம் மாதம் முடியப் போகிறது. இவ்வளவு தூரம் முன்பு வந்ததே இல்லை. அத்தை இசக்கியம்மனுக்குப் பொங்கல் வைப்பதாக நேர்ந்திருக்கிறார். செய்யட்டும், நான் தடுக்கவில்லை.

சண்பகம் இன்று குதிரைக் கதை கேட்கவில்லை. அசதியாக இருக்கிறது என்றாள். எதுவும் செய்கிறதா என்றேன். ஒன்றுமில்லை என்றாள். நல்லது, பயம் தெளிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

ஜூலை 19, வெள்ளி

இன்று சவரம் செய்துகொண்டேன்.

ஜூலை 23, செவ்வாய்

எழுதிவிட வேண்டும். எழுதாவிட்டால் அது நடக்காததாக ஆகிவிடாது.

வியாழன் காலை அத்தை அலறிய அலறலில் எழுந்து ஓடினேன். படுக்கையெல்லாம் தண்ணீர். ஆட்டோவில் போகும்போது சண்பகம் என் சட்டையைப் பிடித்த பிடியை விடவில்லை. தையலையும் மீறித் திறந்துவிட்டது, கிருமி உள்ளே போயிருக்கிறது, ஒன்றும் செய்வதற்கில்லை என்று டாக்டரம்மா சொன்னார். நனைய ஆரம்பித்ததுமே வந்திருந்தால் ஒருவேளை பார்த்திருக்கலாம் என்றும் சொன்னார். அன்று காலைதான் நனைந்தது என்று நான் அடித்துச் சொன்னேன்.

பெண் குழந்தை. என் உள்ளங்கையிலிருந்து மணிக்கட்டைத் தாண்டிக் கொஞ்சம் இருந்தாள். நர்ஸ் வெள்ளைத் துணியில் சுற்றிக் கொடுத்தார்.

மயானத்தில் குழி வெட்டுகிறவர் ஒரு ஓரத்தைக் காட்டினார். நான் மண்வெட்டியைக் கேட்டு வாங்கினேன். அவர் வேண்டாம் சார் என்றார். நான் கேட்கவில்லை. முந்தின நாள் தூறல் விழுந்திருந்தது, மண் வெண்ணெய் மாதிரி வந்தது. இத்தனை நாள் ஒரு கைப்பிடி மண்ணைக் கிளறாமல் இருந்தேனே, கடைசியில் இதற்குத்தானா என்று வாய்விட்டு அழுதேன். குழி வெட்டுகிறவர் தள்ளிப் போய் நின்றுகொண்டார். எவ்வளவு ஆழம் போக வேண்டும் என்று கேட்டேன். நாய் தோண்டாத அளவுக்கு என்றார்.

அங்கிருந்து நேராகச் சலூனுக்குப் போனேன்.

ஜூலை 29, திங்கள்

வேலைக்குப் போனேன். நான் இல்லாத நாட்களில் சார் ஆளைப் போட்டுத் தரையைத் தோண்டி கான்கிரீட் போட வைத்துவிட்டார். புதுத் தொட்டி நிற்கிறது. மூன்று சாணுக்கு மேலேயே தண்ணீர். அளவெல்லாம் நான் எழுதிக் கொடுத்தபடி. ஒரு குறை சொல்ல முடியாது. பெண் குதிரை மட்டும் உள்ளே இருக்கிறது. காலையில் கயிற்றை விட்டுத் தனியாக மேலே வரை எழும்பிவிட்டுத் திரும்பி வந்தது. சார் என் தோளில் கை வைத்தார். அவருக்கு வீட்டு விஷயம் தெரிந்துவிட்டது போலிருக்கிறது.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

அத்தை நேற்று ஊருக்குப் போய்விட்டார். போகும்போது என்னிடம் எதுவும் சொல்லவில்லை. அவரைப் பொறுத்தவரை நான் தோண்டிவிட்டேன். குதிரை புதுத் தொட்டியில் இருக்கிறது என்று நான் சண்பகத்திடம் சொன்னது அவர் காதிலும் விழுந்திருக்கும். பேத்தியைக் கொன்றவன் மாதிரி என்னைப் பார்த்தார். எனக்கு அது இப்போதுதான் உறைத்தது.

மதியம் சண்பகத்துக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தேன். இரண்டு வாய் குடித்தாள். பிறகு, "அவன் குட்டி போட்டானா?" என்று கேட்டாள். பல நாளுக்குப் பிறகு அவளாகக் கேட்ட முதல் கேள்வி.

செத்துவிட்டது என்றேன். அவ்வளவு உயரமான தொட்டியிலா என்றாள். அதற்கு மேல் எனக்குப் பொய் வரவில்லை. தொட்டி கட்டவே இல்லை, தரையைத் தோண்டவில்லை, அம்மா சொன்ன அன்றைக்கே நிறுத்திவிட்டேன், கடலில்கூட இறங்கவில்லை, பிளேடு வீட்டில்தான் இருந்தது, எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு ஜோடியைக் கெடுத்து நம் பிள்ளையைக் காப்பாற்றப் பார்த்தேன் என்றேன். இதைக் கேட்டு அவள் மனம் கொஞ்சமாவது இளகும், நானும் என்னால் முடிந்ததைச் செய்தேன் என்று நினைப்பாள் என்று எனக்கு ஒரு நப்பாசை.

அவள் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"அப்ப உங்களுக்கும் பயமா இருந்திருக்கு" என்றாள்.

நான் தலையாட்டினேன்.

"எனக்குச் செவ்வாக்கெழமையே லேசா நனஞ்சுதுங்க. அம்மாட்ட சொன்னா ஊரக் கூட்டிருவா. உங்ககிட்ட சொன்னா பயந்து சாகாதன்னு சொல்லுவிய. நீங்க எதுக்கும் அசராம நடமாடிட்டு இருந்திய. அதப் பாத்துட்டு, நாந்தான் கிறுக்கி மாதிரி எல்லாத்துக்கும் பயப்படுதேன் போலன்னு ரெண்டு நாளா வாய மூடிக்கிட்டுக் கெடந்தேன்."

கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

"மொத நாள்லருந்தே பயம்தான் சண்பகம். சாவுற பயம்" என்றேன்.

"இப்பச் சொல்லுதிய" என்றாள். திட்டுகிற குரலில் சொல்லவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.